நூல் சந்தேகம்

"பதினாலு, பதினஞ்சு… வண்டிய மூணாவது வரிசையில போடுங்கண்ணே… பதினாறு." டோக்கனை நீட்டும்போதும் அவன் வாய் எண்ணிக்கொண்டேதான் இருக்கிறது. வண்டிக்கான எண்ணிக்கை இல்லை அது. மடியில் கிடக்கும் பின்னலுக்கானது. வலது கை சின்ன ஜன்னல் வழியாக வெளியே போய் டோக்கனைக் கொடுத்துவிட்டு வருகிறது. வந்த வேகத்திலேயே கொக்கி ஊசியை எடுத்து அடுத்த கண்ணிக்குள் நுழைக்கிறது. காலடியில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. அதற்குள் உல்லன் நூல் உருண்டை. அங்கிருந்து கிளம்பும் நூல், சட்டைக் காலருக்குப் பின்னால் ஏறி, கழுத்தைச் சுற்றி, மார்பு வழியாக இறங்கி ஊசிக்கு வருகிறது. இழுக்க இழுக்க வாளிக்குள் உருண்டை புரளுமே தவிர, தரையில் ஓடி அழுக்காகாது.

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கண்ணுசாமி நடத்தும் டூ வீலர் ஸ்டாண்டு இது. ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தகரப் பெட்டி. அதற்குள் உட்கார்ந்திருப்பவன் என் தம்பி அறிவுச்செல்வன். வீட்டிலும் வெளியிலும் அறிவு. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். முந்திரிப் பருப்பு உரித்துத் தரம் பிரிக்கும் வேலை பார்க்கிறேன். முழுப் பருப்பையும் பிளந்த பருப்பையும் தள்ளித் தள்ளிப் பழகிய கண். அதனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிடலாம் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். தினமும் மதியம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை டோக்கன் கொடுப்பவளும் நான்தான்.

கண்ணுசாமி வாய் ஓயாத மனிதர். பெட்டியைத் தாண்டும்போதெல்லாம் ஏதாவது சொல்லாமல் போகமாட்டார்.

"ஏண்டா அறிவு, விட்டா நிக்கிற வண்டிக்கெல்லாம் சுவெட்டர் போட்டுருவ போலிருக்கே?"

"ஒங்க தலைக்குத்தாண்ணே மொதல்ல. அங்கிட்டுத்தான் வெயில் நேரா எறங்குது."

கண்ணுசாமி வழுக்கையைத் தடவிக்கொண்டு போவார். ஆனால் அறிவு சொன்னது முழுக்க விளையாட்டும் இல்லை. வெயிலில் நிற்கும் வண்டிகளை அவன் அப்படித்தான் பார்க்கிறான். செவந்தி என்று ஒரு பெண், புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. காலையில் ஸ்கூட்டியை இங்கே விட்டுவிட்டு பஸ் ஏறுவாள். சாயங்காலம் வந்து ஹேண்டிலைப் பிடித்தால் கை பொத்துப்போகிற சூடு. ஒருநாள் வந்து பார்த்தால், இரண்டு பக்கப் பிடிக்கும் பச்சை நிறத்தில் உறை மாட்டியிருக்கிறது.

"இது யாருங்கண்ணே போட்டது?"

"சூடா இருந்துச்சு, அதான்." தலையை நிமிர்த்தாமல் சொல்லியிருக்கிறான்.

"நீங்களா பின்னுனீங்க? ஆம்பளை இதெல்லாம் பின்னுவாங்களா?"

"நூலுக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதுங்க. இழுத்தா வரும்."

அவளுக்குக் கற்றுக்கொள்ள ஆசை வந்தது அப்போதுதான். பஸ் வருவதற்குள் ஜன்னல் ஓரம் நின்று கற்றுக்கொள்ள நேரம் போதவில்லை. அதனால் ஃபோனில் ஒரு குரூப் தொடங்கினாள். "நூல் சந்தேகம்" என்று பெயர் வைத்ததும் அவள்தான். கடைத் தோழிகள், அவர்களுடைய அக்கா தங்கைகள், அன்னவாசலிலிருந்து இரண்டு பேர், குடுமியான்மலையில் சத்துணவு சமைக்கும் மீனம்மாள் என்று ஆள் சேர்ந்துகொண்டே போனது. இவர்களில் செவந்தியைத் தவிர யாரும் அவனை நேரில் பார்த்ததில்லை. குரல் தெரியும், ஊசி தெரியும், பின்னல் தெரியும். அவ்வளவுதான்.

வருகிற சந்தேகங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். சதுரமாகத் தொடங்கியது மேலே போகப் போகக் கூம்பாகிறது என்பார்கள். ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியைத் தவறவிடுவதால் வருவது அது. "மொதக் கண்ணியிலயும் கடைசிக் கண்ணியிலயும் ஆளுக்கொரு ஊக்கு மாட்டிவைங்க. ஊக்கக் கழட்டாம வரிசைய முடிக்கக் கூடாது. அம்புட்டுத்தான்" என்பான். வட்டம் போட்டால் தட்டையாக வருவதில்லை என்பார்கள். "கிண்ணமா குழிஞ்சா கண்ணி பத்தல. பொரிச்ச அப்பளமா நெளிஞ்சா கண்ணி கூடிப்போச்சு. ரெண்டுல எதுன்னு போட்டோ அனுப்புங்க" என்பான். ஊசி உள்ளே நுழையவே மாட்டேன் என்கிறது என்று அழாத குறையாக ஒருத்தி கேட்டாள். "மூச்சப் புடிச்சுக்கிட்டுப் பின்னுறீங்க. மூச்ச விடுங்க, நூலும் விடும்." அப்படியும் சரியாகவில்லை என்றால் ஒரு அளவு பெரிய ஊசி எடுக்கச் சொல்வான்.

முடிக்கிற வேலையில்தான் அவன் கண்டிப்பானவன். பின்னி முடித்ததும் நூலை ஒட்ட வெட்டிவிட்டு, துவைத்தபின் அவிழ்ந்துபோச்சே என்று வருபவர்களிடம், "ஒரு சாண் நூல விட்டுத்தான் வெட்டணும்" என்று முதலிலிருந்து தொடங்குவான். அந்த நுனியைத் தையல் ஊசியில் கோத்து, பின்னலின் முதுகுப்பக்கமாக ஒரு திசையில் ஓட்டி, திரும்பி வந்து, மறுபடி ஒருமுறை ஓட்ட வேண்டும். "ஒரு பக்கமா மட்டும் ஓட்டுனா உருவிக்கிட்டு வந்துரும். போயிட்டுத் திரும்பி வந்தாத்தான் நிக்கும்." முடிந்த பின்னலைத் தண்ணீரில் நனைத்து, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, தெர்மாகோல் அட்டையில் துருப்பிடிக்காத குண்டூசியால் ஓரமெல்லாம் குத்தி, நிழலில் காயவிடச் சொல்வான். செவந்தி அவசரத்துக்கு அயர்ன் பாக்ஸை வைத்துத் தேய்த்தாள். நூல் இளகி, பாதி பின்னல் அயர்ன் பாக்ஸோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது.

"அண்ணே, மீதி இருக்கிறத என்ன செய்ய?"

"பாத்திரம் தேய்க்க வச்சுக்கங்க. நல்லா வெளக்கும்."

குரூப்பே சிரித்தது. ஆனால் அன்று மாலையே அதே நிறத்தில் ஓர் உருண்டை நூலை அவளுடைய ஸ்கூட்டிக் கூடையில் போட்டுவைத்திருந்தான். யாரிடமும் 'தப்பு' என்று சொல்லமாட்டான். "வேற மாதிரி வந்திருக்கு" என்பான். பிரிக்கத்தான் வேண்டும் என்றால், "பயப்படாம இழுங்க. நூலுக்கு வலிக்காது" என்பான்.

எழுதும்போதே எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இதுவரை அவனுடைய வலது கையைப் பற்றி மட்டுமே சொல்லியிருக்கிறேன்.

அறிவுக்கு இடது கையில் ஆள்காட்டி விரல் இல்லை. சார்ஜாவில் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தபோது வெட்டும் இயந்திரம் கொண்டுபோனது. அடியோடு போய்விட்டது, துண்டு கூட மிச்சமில்லை. மற்ற விரல்களும் விறைத்துப்போயின. ஆஸ்பத்திரியில் ஸ்பான்ஜ் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கி அமுக்கிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். அவன் பந்தைத் தொடாமல் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தானாம். வார்டில் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்கார அம்மா ஒருத்தர் ஓய்வு நேரத்தில் குரோஷா என்கிற இந்தக் கொக்கி ஊசிப் பின்னல் பின்னுவாராம். ஒருநாள் ஊசியை இவன் கையில் திணித்துவிட்டு, நூலை இவன் கழுத்தைச் சுற்றிப் போட்டுவிட்டார். "நம்ம பாஷை அந்தம்மாவுக்குத் தெரியாது. அந்தம்மா பாஷை எனக்குத் தெரியாது. வாயத் தொறக்காமலேதான்க்கா கத்துக்குடுத்துச்சு" என்பான்.

கழுத்தைச் சுற்றி நூல் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. குரோஷா பின்னுகிறவர்கள் இடது ஆள்காட்டி விரலில்தான் நூலை ஏற்றி, நீட்டிப் பிடிப்பார்கள். அந்த விரல்தான் நூலை இறுக்கவும் தளர்த்தவும் செய்யும். இவனுக்கு அந்த வேலையைக் கழுத்து செய்கிறது. பின்னலைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடித்துக்கொள்கிறான்.

ஊருக்கு வந்த புதிதில் கையை மறைக்க அவனுக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொடுத்தது எங்கள் சொந்தக்காரர்கள்தான். என் மகள் ஹரிணிக்குக் குலசாமி கோயிலில் வைத்துக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். வேட்டி சட்டை மாற்றி, பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தும் விட்டான். என் வீட்டுக்காரரின் பெரியப்பா, ஆசாரி ஊசியை எடுக்கிற நேரம் பார்த்து, "அந்தக் கையில புள்ளைய எப்படிப்பா இறுக்கிப் புடிப்பான்? நல்ல காரியம் பாருங்க. முழுசா இருக்கிற ஆளா ஒக்காரட்டும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "என் தம்பி ஒக்காராத எடத்துல என் புள்ளைக்குக் காது குத்த வேண்டாம்" என்று கத்தினேன். ஆனால் அதற்குள் அறிவு எழுந்துவிட்டான். "இல்லக்கா, காலு மரத்துப்போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, சித்தப்பா மகன் மடியில் பிள்ளையை வைத்துவிட்டு, தேங்காய் உடைக்கும் பக்கம் போய் நின்றுகொண்டான். அதிலிருந்துதான் இந்தப் பழக்கம்.

பெட்டிக்குள் இருக்கும்போது இடது கை ஜன்னலுக்குக் கீழே இருக்கும். வெளியே வர வேண்டியிருந்தால் யாராவது பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்த ஹெல்மெட்டுக்குள் இடது கையை நுழைத்துக்கொண்டு வருவான். டூ வீலர் ஸ்டாண்டில் ஹெல்மெட்டோடு நடக்கிறவனை யார் என்ன நினைக்கப் போகிறார்கள்? டீ வாங்கப் போனாலும் ஹெல்மெட். ஒருமுறை வங்கிக்கே அப்படிப் போய்விட்டு வந்தான். வண்டி ஓட்டிக்கொண்டு போகவில்லை, நடந்துதான் போனான்.

குரூப்புக்கு வீடியோ எடுக்கும்போதும் அதே கவனம்தான். ஃபோனைச் சாப்பாட்டு அடுக்கின் மேல் சாய்த்து வைத்து, முகம் தெரியாமல், பின்னலும் ஊசியும் கழுத்திலிருந்து இறங்கும் நூலும் மட்டும் தெரிகிற மாதிரி உட்காருவான். இடது கையைப் பின்னலுக்குப் பின்னால் ஒரு விதமாகச் சாய்த்துப் பிடிப்பான். பார்க்கிறவர்களுக்கு ஆள்காட்டி விரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருப்பதுபோலத்தான் தோன்றும். இல்லாத விரல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கே சில நேரம் சந்தேகம் வரும்.

மீனம்மாள் முதலில் கேட்டது கழுத்து நூலைப் பற்றி. "தம்பி, நூலு தாலிக்கொடியில சிக்குதுப்பா. கொடிக்கு மேல போடணுமா, கீழ போடணுமா?" அறிவு யோசித்துவிட்டு, "மேல போடுங்கம்மா" என்றான். என்னிடம், "கழுத்துல போடுறதுதான் அவுங்களுக்குப் புடிச்சிருக்கு போலக்கா" என்று சந்தோஷப்பட்டான். அதில் வேறொன்று இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது உறைக்கவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. நான் சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். ஃபோனில் மீனம்மாளின் குரல் வந்தது.

"தம்பி, ஒரு சந்தேகம்ப்பா. அந்த ஆள்காட்டி வெரல எம்புட்டு நேரம் மடக்கியே வச்சிருக்கிறது? எனக்கு மரத்து மரத்துப் போவுது. நேத்து சட்டியப் புடிச்சு எறக்க முடியல. பழகப் பழக சரியாயிருமா?"

அடுத்து செவந்தி. "ஆமாங்கண்ணே, நானும் கேக்கணும்னே இருந்தேன். எனக்கு அது நிமிந்துக்கிட்டே வருது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வச்சிருக்கேன்."

அதற்கடுத்து அன்னவாசல் பெண் ஒருத்தி. "நான் துணிய வச்சு இறுக்கிச் சுத்திட்டேன். எங்க வீட்டுல என்னாடி அடிபட்டுருச்சான்னு கேக்குறாக."

பிசைந்த சோற்றில் அறிவின் கை அப்படியே நின்றது. வீடியோவைப் பார்த்துப் பழகிய அத்தனை பேரும், நல்ல விரலை மடக்கி உள்ளே வைத்துக்கொண்டுதான் பின்னியிருக்கிறார்கள். அதுதான் முறை என்று நினைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அன்றைக்கு அவன் பதில் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. தூக்குவாளியை மூடிப் பெட்டியின் மூலையில் தள்ளிவிட்டான். ஃபோனை டோக்கன் டப்பாவுக்கு அடியில் கவிழ்த்து வைத்தான். கண்ணுசாமிகூட எட்டிப் பார்த்து, "என்னடா, ஊசிக்கு லீவா? நீ எண்ணாம எனக்குக் காது என்னமோ மாதிரி இருக்குடா" என்றார். ஸ்கூட்டியை விட வந்த செவந்தி, "அண்ணே, கோவமா? ரப்பர் பேண்டு போட்டது தப்பாண்ணே?" என்று ஜன்னல் ஓரம் நின்றாள். "பஸ்ஸு வந்துருச்சு பாருங்க" என்று அனுப்பிவிட்டான்.

"வெரல் இல்லைன்னு சொல்லிட்டுப் போயேன்டா. அவுங்க என்ன, காது குத்துக்கா வந்திருக்காங்க?" என்றேன் நான்.

"இப்ப அண்ணன், தம்பின்னு கூப்புடுறாங்கக்கா. வட்டம் நெளியுதுன்னா என்னத் தேடுறாங்க. கையப் பாத்தா அப்புறம் 'பாவம்'பாங்க. எதக் கேட்டாலும் அந்தப் 'பாவம்' கூடவே வரும்."

"சொல்லாட்டி?"

"குரூப்பக் கலைச்சிருவோம்னு பாக்குறேன்."

அந்தக் குரூப் இல்லாவிட்டால் அவனுக்கு அந்தத் தகரப் பெட்டியும் ஹெல்மெட்டும்தான் மிச்சம். அது அவனுக்கும் தெரியும். 

வெள்ளிக்கிழமை மதியம் மீனம்மாளின் குரல் மறுபடி வந்தது. அவன் கேட்கமாட்டான் என்று நானே எடுத்துப் போட்டேன்.

"தம்பி, என் கைக்கு இது ஒத்துவரலப்பா. வீக்கம் வத்த மாட்டேங்குது. டாக்டரு என்ன செஞ்சேன்னு கேக்குறாரு, எனக்குச் சொல்லவும் கூச்சமா இருக்கு. நான் விட்டுர்றேன். மிக்ஸிக்கு ஒறை பாதிதான் ஆயிருக்கு, கெடக்கட்டும். ஊசிய செவந்திகிட்ட குடுத்துவிடுறேன், வேற யாருக்காச்சும் குடு. நீ நல்லாத்தான் சொல்லிக்குடுத்த. என் வெரலுதான் வணங்க மாட்டேங்குது."

அறிவு ஃபோனைப் பிடுங்கி அதை இரண்டாவது முறை கேட்டான். கடைசி வரியில் கண்ணை மூடிக்கொண்டான். கையைக் கழுவிவிட்டு வந்து, மூலையில் கிடந்த தூக்குவாளியை இழுத்து மூடியைத் திறந்தான்.

"அக்கா, ஒன் கையக் குடு."

"எதுக்குடா?"

"எடது கை. வெரல எப்படி நீட்டணும்னு அந்தம்மாவுக்குக் காட்டணும். எங்கிட்டதான் இல்லையே. ஒன் வெரல வச்சுக் காட்டிருவோம். என் கைன்னே நெனைச்சுக்குவாங்க."

எனக்குப் புரியவே கொஞ்சநேரம் ஆனது. ஓர் ஆள் உட்காரும் பெட்டிக்குள் என்னையும் இழுத்துப் பக்கத்தில் நெருக்கி உட்காரவைத்தான். அவனுடைய பழைய முழுக்கைச் சட்டை ஒன்று பெட்டிக்குள் தொங்கும். அதன் இடது கையை மட்டும் என் கையில் மாட்டிவிட்டான். அவன் தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். வலது கை அவனுடையது, இடது கை என்னுடையது. நூல் அவன் கழுத்துக்குப் போகாமல் என் விரலுக்கு வந்தது.

"முந்திரிக் கறை படிஞ்ச கைடா. ஆம்பளைக் கைன்னு நம்புவாங்களா?"

"நம்புவாங்க. ஒனக்கு நம்மப்பா கைதான்."

"ஒன் வாய்க்கு ஒரு நாளைக்கு இருக்கு."

முதல் தடவை எடுத்தபோது, சட்டைக்குள் என் கண்ணாடி வளையல்கள் குலுங்கிக் காட்டிக்கொடுத்தன. அவன் பேசுகிற பேச்சுக்கு நடுவே கலீர் கலீர் என்று கேட்டது. அழித்துவிட்டான். வளையல்களை முழங்கைக்கு மேலே ஏற்றிச் சட்டையை இறுக்கிவிட்டு மறுபடி தொடங்கினோம். வண்டியை எடுக்க வந்த ஒருவர், "என்னங்க இது, பொட்டிக்குள்ள ரெண்டு தலை தெரியுது?" என்று கேட்டு அதையும் கெடுத்தார். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்வரை நாங்கள் இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். சின்ன வயதில் மாம்பழம் திருடி ஒளிந்துகொண்டிருந்தபோதும் இப்படித்தான் தோளோடு தோள் ஒட்டி இருந்தோம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சிரிக்காதக்கா, தோளு ஆடுது" என்று அவனும் சிரித்தான்.

மூன்றாவது தடவை எல்லாம் சரியாகத்தான் போனது. ஃபோனைப் பார்த்தபடி, குரலை ஒழுங்காக்கிக்கொண்டு சொல்லத் தொடங்கினான். "மீனம்மாம்மா, மத்தவுங்க எல்லாரும், இதப் பாருங்க. வெரல மடக்க வேண்டாம். ஆள்காட்டி வெரல இந்த மாதிரி நீட்டிப் புடிங்க. நூலு சுண்டுவெரல்ல ஒரு சுத்து சுத்தி, அடியில வந்து, இது மேல ஏறிப் போகணும். கழுத்துலயும் போட வேண்டாம். இப்ப ஊசி எப்படிப் போவுதுன்னு பாருங்க."

ஃபோன் திரையில் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. உண்மையிலேயே ஒரே ஆளின் கைகள் மாதிரிதான் இருந்தன. அவன் ஊசி நூலைக் கொத்தி இழுத்தது. நான் விட்டுக்கொடுத்தேன். மறுபடி கொத்தியது, நான் விட்டேன். பாதி வரிசை வரை ஓடியது. பிறகு எனக்குக் கை தடுமாறியது. பருப்பு உரித்துப் பழகிய விரல், தானாக உள்பக்கம் வளையப் பார்த்தது. நூல் தொய்ந்து, கண்ணி தொளதொளவென்று பெரிதாகிவிட்டது. அறிவு பேச்சை நிறுத்தவில்லை. "இப்பத் தொஞ்சு போச்சு பாருங்க. ஒங்களுக்கும் மொதல்ல இப்படித்தான் வரும். வந்தா வெரல லேசாத் தூக்கிவிடணும், இதோ இப்படி—"

அவனுடைய இடது கை முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. கட்டைவிரலாலும் நடுவிரலாலும் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, கொஞ்சம் மேலே தூக்கி நிமிர்த்தியது.

திரையில் மூன்று கைகள். நடுவில் அந்த இடைவெளி. வெயில் நேராக விழுந்து அது பளிச்சென்று தெரிந்தது. அவனும் பார்த்துவிட்டான்.  நான் ஃபோனை அணைக்கக் கையை எடுக்கப் போனேன்.

"அசையாதக்கா. நூலு நழுவும்."

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது. அந்தச் சத்தம் ஓயும்வரை இருந்தான். ஃபோன் ஓடிக்கொண்டேதான் இருந்தது. பிறகு, வட்டம் நெளிகிறதா குழிகிறதா என்று சொல்லும் அதே குரலில் சொன்னான்.

"எனக்கு இந்த வெரல் இல்லைங்க. அதனாலதான் கழுத்துல போடுறேன். நான் மடக்கி வைக்கல. ஒங்களுக்கு இருக்கு, நீங்க நீட்டுங்க."

இடது கையை ஃபோனுக்கு நேரே ஒருமுறை விரித்துக் காட்டினான். பிறகு அதே கையால், என் விரலில் தொய்ந்து கிடந்த நூலை எடுத்து, மேலே ஏற்றிவைத்தான்.